அம்மாவுக்கு ரெய்கி கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: “அம்மாவுக்கு 68 வயது. மூட்டுவலி, இரவில் சரியாகத் தூக்கம் இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா ரெய்கி கற்றவர். ‘நீயே ஒரு நாள் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு அம்மாவுக்குக் கொடு, மாத்திரையெல்லாம் மெல்லக் குறைத்துவிடலாம்’ என்கிறார். ரெய்கி என்றால் என்ன? நம்பலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?”

மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரெய்கியை நம்பி அம்மாவின் மாத்திரையில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். குறைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவரைப் பார்க்கும் டாக்டர், அதுவும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு. இப்படிச் சொல்வதால் நான் ரெய்கிக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். 16 வருடமாகச் செய்துவருகிறேன். காலையில் எனக்கு நானே, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில் யாருக்காவது. அதன் மேல் எனக்கு நிறையப் பிரியம் உண்டு. அதனாலேயே அது எதைத் தரும், எதைத் தராது என்பதைப் புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, ரெய்கி என்றால் என்ன? வெளியிலிருந்து பார்த்தால் ரொம்பச் சின்ன வேலை. போட்டிருக்கும் உடையோடு நீங்கள் பாயிலோ கட்டிலிலோ படுத்துக்கொள்கிறீர்கள். எண்ணெய் தேய்ப்பது, பிசைவது, நீவுவது எதுவும் கிடையாது. கொடுப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் உங்கள் கண்களை மூடினாற்போல மெதுவாக வைப்பார். ஒரு பூனைக்குட்டியின் மேல் கை வைப்பது போல, அழுத்தமே இல்லாமல். மூன்று முதல் ஐந்து நிமிடம் கை அங்கேயே இருக்கும். அப்புறம் காதோரம், பின்னந்தலை, தொண்டைக்குப் பக்கத்தில், மேல் மார்பு, வயிறு, இடுப்பு, முழங்கால், பாதம் என்று நகரும். திரும்பிப் படுத்தால் தோள், முதுகு. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகும். தொடுவது பிடிக்காதவருக்குக் கையை இரண்டு மூன்று அங்குலம் மேலே வைத்தே கொடுப்பார்கள். அந்தரங்க இடங்களில் கை படவே கூடாது. யாராவது பட்டால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். எந்த முறையிலும் அதற்கு இடமில்லை.

படுத்திருப்பவருக்கு என்ன தெரியும்? பெரும்பாலானவர்கள் சொல்வது கையின் சூடு. சிலருக்கு உள்ளே எறும்பு ஊர்வது போல ஒரு சிலிர்ப்பு, சிலருக்கு வயிறு களகளவென்று சத்தம் போடும், சிலருக்குக் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். நிறையப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒன்றுமே தெரியாதவர்களும் உண்டு, அதில் தவறொன்றும் இல்லை. ஒன்றும் தெரியாமல் போனால் ‘உங்களுக்கு அடைப்பு அதிகம், இன்னும் பத்து சிட்டிங் வேண்டும்’ என்று சொல்கிறவரிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள்.

இது ஜப்பானில் பிறந்த முறை. ‘ரெய்’ என்பதற்கு ஆவி, ஆன்மா என்ற பொருள். ‘கி’ என்பது உயிராற்றல், நாம் பிராணன் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும் சொல். ஆரம்பித்தவர் மிகாவோ உசுயி. 1865-ல் கிஃபு பகுதியில் தனியாய் என்ற கிராமத்தில் பிறந்தவர். கியோட்டோவுக்கு வடக்கே குராமா என்று ஒரு மலை இருக்கிறது. அங்கே 21 நாள் உண்ணாநோன்பு இருந்து தியானம் செய்தபோது தலைக்கு மேல் ஒரு பெரும் சக்தி இறங்கியதை உணர்ந்தார் என்று டோக்கியோவில் சாய்ஹோஜி கோயில் கல்லறையில் அவருக்காக மாணவர்கள் 1927-ல் நட்ட நினைவுக்கல் சொல்கிறது. 1922-ல் டோக்கியோவுக்கு வந்து ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த வருடம் செப்டம்பர் 1-ம் தேதி பெரிய பூகம்பம், டோக்கியோவும் யோக்கஹாமாவும் தரைமட்டமாயின. அடிபட்டவர்களைத் தேடித் தெருத்தெருவாகப் போய் அவர் கைவைத்தார் என்றும் அதே கல்லில் எழுதியிருக்கிறது. 1926 மார்ச்சில் ஃபுக்குயாமா என்ற ஊரில் பக்கவாதம் தாக்கி இறந்தார். அவரிடம் கற்றவர்கள் 2,000 பேருக்கு மேல் என்கிறது கல்வெட்டு.

இந்த வரலாற்றை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வகுப்புகளில் வேறு கதைகள் நடமாடுகின்றன. உசுயி ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் தலைவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பது ஒன்று. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் கதை ஹவாயில் வளர்ந்தது. எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள ஹவாயோ தகாதா என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தகாதா 1900-ல் ஹவாயின் கவாய் தீவில், ஜப்பானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 29 வயதில் கணவரை இழந்தார், கையில் இரண்டு பெண் குழந்தைகள். உடம்பும் கெட்டுப்போய், 1935-ல் ஜப்பானுக்குப் போனபோது அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்ற நிலை. உசுயியின் மாணவரும் முன்னாள் கடற்படை அதிகாரியுமான சுஜிரோ ஹயாஷி டோக்கியோவில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்திவந்தார். தகாதா அங்கே போய்ப் படுத்தார். வைத்த கைகள் அவ்வளவு சூடாக இருந்ததால் ஏதோ கருவியை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். மறுநாள் சிகிச்சை தருகிறவரின் கிமோனோ கையைப் பிடித்து இழுத்து உள்ளே கம்பி ஏதாவது ஓடுகிறதா என்று தேடினாராம். இதை அவரே பின்னாளில் சொல்லிச் சிரிப்பது வழக்கம். மாதக்கணக்கில் தங்கி, குணமாகி, அங்கேயே கற்றுக்கொண்டு 1937-ல் ஹவாய் திரும்பினார். ஜப்பானுக்கு வெளியே இன்று நடக்கும் ரெய்கியில் பெரும்பகுதி அந்த ஒரு பெண்மணி வழியாக வந்தது. 1980-ல் இறப்பதற்குள் 22 பேரை மாஸ்டர், அதாவது மற்றவருக்குக் கற்றுத்தரும் ஆசிரியர், ஆக்கியிருந்தார். நடுவில் பேர்ல் ஹார்பர் தாக்குதல், போர், அமெரிக்காவில் ஜப்பானியர் என்றாலே வெறுப்பு. அந்தச் சூழலில் புத்த மலையும் தவமுமாக இருந்த கதைக்கு ஒரு கிறிஸ்தவச் சாயல் பூசப்பட்டது என்றே பின்னால் ஆராய்ந்தவர்கள் பலரும் நினைக்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. தன் பிழைப்பையும் தான் நம்பிய ஒன்றையும் காப்பாற்ற ஒரு விதவைத் தாய் என்னதான் செய்திருக்க முடியும் என்று யோசிக்கும்போது அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

ஆனால் தகாதா அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று மேசையிலிருந்து இறங்கி வந்த அந்தக் கதையைப் பல வகுப்புகளில் சொல்லும் விதம் எனக்குப் பிடிப்பதில்லை. ‘அவர் கத்தியை வேண்டாம் என்றார், பிழைத்தார்’ என்று கேட்பவர் மனதில் விழுந்துவிடுகிறது. நான் ரெய்கியின் இரண்டாம் நிலை கற்ற வகுப்பில் மார்பில் கட்டியோடு ஒரு அம்மா வந்திருந்தார். ‘21 நாள் ரெய்கி எடுங்கள், அதற்கப்புறம் டெஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவரிடம் சொல்லப்பட்டது. சொன்னவர் யார், எந்த ஊர் என்பது வேண்டாம். சாப்பாட்டு இடைவேளையில் கைகழுவும் இடத்தில் அந்த அம்மா என்னிடம் ‘நீங்கள் என்ன சொல்கிறீர்கள் தம்பி?’ என்று கேட்டார். புதியவன் நான், மாஸ்டரை மீறிப் பேசலாமா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. அப்புறம் ‘நாளைக்கே போய்விடுங்கள்மா’ என்றேன். போனார். கட்டி சாதாரணக் கட்டிதான், நல்லவேளை. அப்படி இல்லாமல் இருந்திருந்தால் 21 நாள் என்பது எத்தனை பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

சக்கரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூலாதாரம், சுவாதிட்டானம் என்று நம் வகுப்புகளில் வரைபடம் மாட்டியிருப்பார்கள், வானவில் நிறங்களோடு. அதைப் பார்த்து ரெய்கி நம் ஊரிலிருந்து போனது என்று நினைக்கிறவர்கள் அதிகம். உசுயியின் முறையில் சக்கரங்கள் கிடையாது. அவை நம் யோக, சித்தர் மரபின் சொத்து. மேல்நாட்டில் ரெய்கி பரவியபோது அங்கே ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த சக்கரச் சிந்தனை அதோடு சேர்ந்துகொண்டது. அந்தக் கலவைதான் நமக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதேபோல பிராணிக் ஹீலிங் என்பது வேறு. அது பிலிப்பைன்ஸில் சோவா கோக் சுயி என்பவர் உருவாக்கியது, அதில் தொடவே மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா கற்றது எது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், பலரும் இரண்டையும் ஒரே பெயரில் சொல்கிறார்கள்.

கற்பதில் மூன்று படிகள். முதல் நிலையில் கைவைக்கும் இடங்களையும் தனக்குத்தானே செய்துகொள்வதையும் சொல்லித்தருவார்கள். அதோடு மாஸ்டர் உங்களைக் கண்மூடி உட்காரவைத்து, தலைக்கு மேலும் உள்ளங்கையிலும் சில சைகைகள் செய்து ‘அட்யூன்மென்ட்’ கொடுப்பார். ஜப்பானில் அதற்கு ‘ரெய்ஜு’ என்று பெயர், நம்மவர்கள் தீட்சை என்கிறார்கள். இரண்டாம் நிலையில் மூன்று சின்னங்களும், தூரத்திலிருந்து அனுப்பும் முறையும். மூன்றாவது, மாஸ்டர் நிலை. உங்கள் தேவைக்கு முதல் நிலையே போதும். ஒரே வாரக் கடைசியில் மூன்றையும் முடித்து ‘கிராண்ட் மாஸ்டர்’ சான்றிதழ் தருகிறோம் என்றால் போகாதீர்கள். இன்னொன்று, ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் முறைகளில் ரெய்கி இல்லை. கையில் கிடைக்கும் சான்றிதழ் அந்த மாஸ்டர் கொடுப்பது, அவ்வளவே. அதை வைத்துக்கொண்டு யாரும் உங்களுக்கு வைத்தியர் ஆகிவிட முடியாது. தூர ரெய்கியை நான் ஒரு பிரார்த்தனையாகவே செய்கிறேன். வெளியூரில் இருக்கும் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றால் பத்து நிமிடம் உட்கார்ந்து அவளை நினைத்துக்கொள்வேன். வாட்ஸ்அப்பில் போட்டோ வாங்கிக்கொண்டு சிட்டிங்குக்கு இவ்வளவு என்று காசு கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

வகுப்பு முடிந்த பிறகு 21 நாள் விடாமல் தனக்குத்தானே செய்யச் சொல்வார்கள். அது குராமா மலையின் 21 நாளை ஒட்டி வந்த வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் அந்த நாட்களில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ மயக்கமோ வந்தால் ‘உள்ளே சுத்தமாகிறது’ என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இனி, நம்பலாமா என்ற கேள்வி. உள்ளங்கை வழியாக ஒரு சக்தி பாய்கிறது என்பதை இதுவரை எந்தக் கருவியும் உறுதியாகக் காட்டவில்லை. ரெய்கிக்கு உறவான ‘தெரப்யூட்டிக் டச்’ முறையை 1990-களில் அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற 9 வயதுப் பெண் பள்ளிக்கூட அறிவியல் போட்டிக்காகச் சோதித்தாள். நடுவில் அட்டைத் தடுப்பு வைத்து, 21 பயிற்சியாளர்களின் எந்தக் கைக்கு மேல் தன் கை இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். 280 முறையில் சரியாகச் சொன்னது 44 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வரும். 1998-ல் அது அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழிலேயே வெளிவந்தது. அதைப் படித்த அன்று நானும் மனைவியும் எங்கள் வீட்டிலேயே ஒரு நாளிதழை மறைப்பாகப் பிடித்துச் செய்துபார்த்தோம். 20 முறையில் நான் சொன்ன 9 சரி. அதற்கு முன் என் கை ‘உணர்கிறது’ என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த உறுதி அன்றோடு போயிற்று, ரெய்கி போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு ஆய்வும் ஒரு இரவும் இருக்கின்றன.

ஆய்வு 2011-ல் வந்தது. கீமோதெரப்பி எடுக்க வந்த 189 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொரு குழுவுக்கு ரெய்கி கற்றவர் கொடுத்தார். மூன்றாவது குழுவுக்கு ரெய்கி தெரியாத ஒருவர் அதேபோலக் கையை வைத்து, கொடுப்பது போலச் செய்தார். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட மற்ற இரண்டு குழுவினரும் தங்கள் உடம்பும் மனமும் இலேசாக இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு குழுவினருமே. தீட்சை வாங்கிய கையும் வாங்காத கையும் ஒன்றுபோலவே உதவின. மாறாக, உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 100 பேரிடம் 2008-ல் நடந்த ஆய்வில் உண்மை ரெய்கியும் சரி, போலி ரெய்கியும் சரி, வலியைக் குறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் அர்த்தம் இது: நோயில் கிடப்பவர் பக்கத்தில் ஒருவர் அவசரமில்லாமல் உட்கார்ந்து கைவைத்திருப்பதே அவருக்கு ஒரு ஆறுதல். அது நோயின் மேல் வேலை செய்வதாகத் தெரியவில்லை, நோயாளிக்கு வேலை செய்கிறது.

இரவு எங்கள் பெரியம்மாவுடையது. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். மாத்திரை கொடுத்தாகிவிட்டது, அடுத்த மாத்திரைக்கு நேரம் இருக்கிறது, வலியில் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘முருகா முருகா’ என்று முனகிக்கொண்டிருந்தார். தையல் போட்ட காலைத் தொடவே இல்லை. தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நெற்றியில் ஒரு கை, தோளில் ஒரு கை. பத்து நிமிடத்தில் ‘கை என்னடா இப்படிச் சுடுது’ என்றார். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. மூச்சு நீளமானது. அப்புறம் குறட்டை. ஐந்து மணி நேரம் தூங்கினார். காலையில் பிசியோதெரபிஸ்ட் வந்து காலை மடக்கச் சொன்னபோது வலி அப்படியேதான் இருந்தது, அழுதார். ஆனால் தூங்கி எழுந்த முகத்தோடு அழுதார். எனக்கு அந்த ஐந்து மணி நேரம் போதும். கையின் சூட்டுக்குப் பெரிய ரகசியமும் தேவையில்லை, துணிக்கு மேல் அசையாமல் பத்து நிமிடம் வைத்தால் யார் கையும் சுடும். நீங்களே வைத்துப் பாருங்கள்.

மூட்டுவலிக்கு டாக்டர் சொன்ன உடற்பயிற்சி, எடை, மாத்திரை எல்லாம் அதன் போக்கில் நடக்கட்டும். ரெய்கியை அம்மாவின் தூக்கத்துக்கும் மனதுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரைத் தேடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘எங்கம்மா சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், நிறுத்திவிடலாமா?’ ‘நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்’ என்று உடனே பதில் வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். சுற்றி வளைத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்யும் சட்டம் 1954-லிருந்தே நம் நாட்டில் இருக்கிறது. அப்படி ஒரு நோட்டீஸைப் பார்த்தாலே அந்த இடம் வேண்டாம்.

உசுயி தன் மாணவர்களைக் காலையும் மாலையும் கைகூப்பி உட்கார்ந்து சொல்லச் சொன்ன ஐந்து வரிகள் உண்டு. அவை ‘கியோ தாகே வா’ என்று ஆரம்பிக்கும், ‘இன்று மட்டும்’ என்று அர்த்தம். இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, உன் வேலையைக் கருத்தாகச் செய், எல்லோரிடமும் கனிவாக இரு. ரெய்கியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ‘இன்று மட்டும்’தான். ஆயுசுக்கும் கோபப்படாமல் இரு என்றால் என்னால் முடியாது. இன்று ராத்திரி வரைக்கும் என்றால் முயன்று பார்க்கலாம். நோயாளியை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிற வீட்டில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு தேவை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வகுப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இன்று இரவே ஆரம்பிக்கலாம். அம்மா படுக்கப்போகும் நேரத்தில் டிவியை அணைத்துவிட்டு, போனை வேறு அறையில் வையுங்கள். ‘கொஞ்ச நேரம் தலையில் கை வைக்கட்டுமாம்மா?’ என்று கேளுங்கள், கேட்காமல் வைக்க வேண்டாம். சுவரில் சாய்ந்து உங்கள் முதுகுக்கு வசதியாக உட்காருங்கள், இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் உங்களுக்கே வலிக்க ஆரம்பித்துவிடும். கையை ஒரு தடவை கூப்பி, நெற்றியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தோளில் இருக்கும் கையை வயிற்றுக்கு மாற்றலாம். எதையும் அனுப்ப முயல வேண்டாம், கைக்குக் கீழே அவர் மூச்சு ஏறி இறங்குவதை மட்டும் கவனியுங்கள். நடுவில் அவர் பழைய கதை ஏதாவது பேச ஆரம்பித்தால் பேசட்டும். கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.